மூன்றரை சென்டிமீட்டர்

டொக்கு மிஸ்ஸிடம் படித்த யாரும் நெஞ்சு அழுத்தும் தேர்வில் தோற்றதில்லை. கல்லூரி விளம்பரப் பலகையில் இந்த விஷயம் எட்டாவது வரியில் இருந்தது, கேன்டீன் வசதி பற்றிய வரிக்குச் சற்று மேலே.

நின்றுபோன இதயத்தை வெளியிலிருந்து அழுத்தி ஓட்டுவது எப்படி என்று நர்சிங் மாணவிகளுக்குக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. பதினெட்டு வருடமாக அதே அறை, அதே பாடம், அதே பொம்மை. பொம்மைக்குத் தலையும் மார்பும் உண்டு, கைகால் கிடையாது. ஒரு குறையும் சொல்லாமல் படுத்திருக்கும். சரியாக ஐந்து சென்டிமீட்டர் நெஞ்சு இறங்கினால் உள்ளே இருக்கும் தகடு ‘டொக்’ என்று சத்தம் போடும். போட்டால் பாஸ். போடாவிட்டால், "ஆள் போயாச்சு, அடுத்த ஆள் வாம்மா" என்பார் மிஸ். பட்டப்பெயர் வந்த வழி அதுதான். அவருக்கும் அது தெரியும். தெரியாதது போல இருப்பதற்குத்தான் ஆசிரியப் பயிற்சி.

கல்லூரிக்குப் புதுப் பொம்மை ஒன்று வந்தபோது சனியன் தொடங்கியது. இறுதியாண்டு மாணவிகள் பதினைந்து பேர் வரிசையாக அழுத்தினார்கள். பதினைந்து ஆளும் போயாச்சு.

"நெஞ்சா மிஸ் இது, கல்லு" என்றாள் ஒருத்தி, உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே.

"டிஃபெக்டிவ் பீஸ்" என்றார் ஸ்டோர்காரர். "திருப்பி அனுப்பிடலாம் மிஸ். பெட்டி இன்னும் கிழியல."

மிஸ்ஸுக்கு மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கணவரை அழைத்துவந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். கதவு, தகடு, ஸ்பிரிங் என்று எதைப் பார்த்தாலும் கை சும்மா இருக்காது. புதுப் பொம்மையின் மேல் இரும்பு ஸ்கேலை நிறுத்தி அழுத்தினார். ஐந்தில் சத்தம் வந்தது. பழைய பொம்மையை அழுத்தினார். சத்தம் வந்ததும் ஸ்கேலைப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். பிறகு பழைய பொம்மையின் தோலைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தார்.

"இந்தத் தகடு யாரு போட்டது?"

"பழசு உடைஞ்சப்போ ஸ்டோர்ல மாத்தினாங்க. மூணு வருஷம் இருக்கும். ஏங்க?"

"இது சின்னப் பிள்ளை பொம்மைக்கு வர்ற தகடு. ஓரத்துல பாரு, பாப்பா படம் போட்டிருக்கு. மூணரையிலேயே சத்தம் வந்துடுது." ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டார். "லிஃப்ட்ல இந்த மாதிரி தகடு மாறினா, அஞ்சாவது மாடின்னு கதவு திறக்கும். வெளிய சுவரு இருக்கும்."

மிஸ் டார்ச்சை வாங்கி உள்ளே பார்த்தார். வெளியே சுவர் இருந்தது அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"உனக்குக் கையில தெரியலையா?" என்று கேட்டார் கணவர். குற்றமாகக் கேட்கவில்லை. ஆனாலும் கேட்டுவிட்டார்.

"மணிக்கட்டு ஆபரேஷனுக்கு அப்புறம் நான் அழுத்திக் காட்டறதே இல்லையேங்க. ஒரு பொண்ணை விட்டு அழுத்தச் சொல்லிட்டு, பக்கத்துல நின்னு சத்தத்தைத்தான் கேட்டேன்." பொம்மையின் கழற்றிய தோலை மடித்தார், துவைத்த துணியை மடிப்பது போல. "மூணு வருஷமா காதாலேயே பாடம் எடுத்திருக்கேன்."

வருகைப் பதிவேட்டைப் பார்த்தார். மூன்று பேட்ச், இருநூற்றுப் பதினான்கு பேர். நெஞ்சை மூன்றரை சென்டிமீட்டரில் நிறுத்த வேண்டும் என்று நெஞ்சாரக் கற்றுக்கொண்டு, நூற்றுக்கு நூறு வாங்கிக்கொண்டு, ஏதேதோ ஊர்களில் ஏதேதோ வார்டுகளில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் விஷயம் போய்ச் சேர வேண்டும். அதன்பிறகு மிஸ்ஸுக்கு வாழ்க்கையில் வேறு வேலை இருக்கவில்லை.

பிரின்சிபல் மேடம் முழுவதையும் கேட்டார். கேட்கும்போதே மேஜை மேல் இருந்த பேனாக்களை உயரவாரியாக அடுக்கினார்.

"யாராவது கம்ப்ளெய்ன்ட் பண்ணாங்களா?"

"யாரு பண்ணுவாங்க மேடம். பண்ண வேண்டியவங்க இருக்க மாட்டாங்களே."

"அப்படியெல்லாம் பேசாதீங்க. ஆறு மாசத்துல இன்ஸ்பெக்‌ஷன் வருது. காலேஜ் லெட்டர்ஹெட்ல நாம தப்பா சொல்லிக்கொடுத்தோம்னு நானே கையெழுத்துப் போட்டு அனுப்பணுமா? தகடு மாத்தியாச்சுல்ல?"

"தகடு மாத்தியாச்சு மேடம். பிள்ளைங்களை மாத்தலையே."

பிரின்சிபல் கெட்டவர் இல்லை. ஒரு வழியும் சொன்னார். உடல்நலத் தொழில்கள் கல்வியாளர் சங்கம் என்று ஒன்று இருந்தது. பாஸாகும் ஒவ்வொரு மாணவியையும் கல்லூரியே அதில் மாணவர் உறுப்பினராகச் சேர்த்துவிடும். எந்த ஊருக்குப் போனாலும் லைசென்ஸ் புதுப்பிக்கத் தேவையான புள்ளிகள் அதன் வழியாகத்தான் வரும் என்பதால், கல்யாணமாகி வீடு மாறினாலும் சங்கத்துக்கு மட்டும் புது முகவரி கொடுத்துவிடுவார்கள். சங்கத்தின் மின்னஞ்சல் பட்டியலில் இருநூற்றுப் பதினான்கு பேரும் இருந்தார்கள். அந்தப் பட்டியலுக்கு முழு உறுப்பினர் மட்டுமே எழுத முடியும்.

மிஸ் உறுப்பினர் இல்லை. சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு மாநாட்டுக்குப் போய்ப் பை வாங்கிவருகிறவர்களின் சங்கம் அது என்று பதினெட்டு வருடம் நினைத்திருந்தார். நினைத்தது தவறில்லை.

விண்ணப்பம் பதினான்கு பக்கம். அதற்கு முன்னால் சொந்த முயற்சியும் செய்து பார்த்தார். சேர்க்கைப் பதிவேட்டில் இருந்ததெல்லாம் அப்பாக்களின் எண்கள். "பொண்ணு வெளிநாட்டுல இருக்கா, எங்களுக்கு எந்த ஸ்கீமும் வேண்டாம்" என்று ஒரு அப்பா போனை வைத்துவிட்டார். முப்பத்தொரு பேரைப் பிடிக்க முடிந்தது. பேட்ச் வாட்ஸாப் குழு ஒன்றில் நீளமாக எழுதிப் போட்டார். நாற்பத்தாறு இதயங்கள் வந்தன. ‘மிஸ் யூ மிஸ்’ என்று ஒன்பது பேர். அதற்குமேல் யாரோ குழந்தை படம் போட, எல்லோரும் அங்கே ஓடிவிட்டார்கள்.

விண்ணப்பத்தில் முக்கியமானது ‘சுய சிந்தனைக் கட்டுரை’. கற்பித்தலில் நேர்ந்த ஒரு தவற்றைப் பற்றி எழுத வேண்டும். ஆகா, இதுதானே வேண்டும் என்று மிஸ் ஒரே பக்கத்தில் எழுதினார்: எந்த வருடம், எந்தத் தகடு, எத்தனை சென்டிமீட்டர், எத்தனை பேர். சங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற பேராசிரியர், தேன் தடவிய குரல், அவரே போனில் கூப்பிட்டார்.

"நல்லா இருக்கும்மா. ஆனா இதுல தகவல்தான் இருக்கு. நீங்க எங்க?"

"நான் அங்கதான் சார் நின்னுட்டிருந்தேன்."

"அதைச் சொல்லல. உங்க உணர்வு எங்க? நீங்க எப்படி வளர்ந்தீங்க?"

"வளரல சார். பயந்துட்டேன்."

"அதை எழுதுங்க. ஆயிரத்தைந்நூறு வார்த்தை."

மிஸ்ஸுக்குக் கதை எழுத வராது. பிளஸ் டூ படிக்கும் மகள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தாள்.

"‘கலங்கினேன்’னு போடும்மா. அப்புறம் ‘பயணம்’னு ரெண்டு இடத்துல வரணும். பயணம் இல்லாம எதுவுமே செலக்ட் ஆகாது."

"நான் எங்கடி போனேன்?"

"யாருமே எங்கயும் போறதில்லம்மா. கட்டுரையில போவாங்க."

மூன்றரை சென்டிமீட்டர் இரண்டாம் பக்கத்துக்கு இறங்கியது. கட்டுரை போய்ச் சேர்ந்தது. தேர்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் கூடும். போன வாரம்தான் கூடி முடித்திருந்தது. அடுத்த தடவை ஆள் சேரவில்லை என்று தள்ளிப்போட்டார்கள்.

ஐந்து மாதம். அந்த நாட்களில் மிஸ் ஒன்றைக் கவனித்தார்: வெளியே ஒன்றுமே நடக்கவில்லை. புகார் இல்லை, செய்தி இல்லை, யாரும் தேடி வரவில்லை. வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கணவர் ஆறுதல் சொல்லப் பார்த்தார்.

"சரியா அழுத்தினாலும் பத்துல ரெண்டு பேரு பிழைச்சா பெரிசுன்னு நீதானே சொல்லுவ?"

"ஆமா."

"அப்புறம் என்ன?"

"அதனாலதாங்க யாருக்கும் தெரியாது. எட்டு பேர் போற இடத்துல பத்து பேர் போனா யாரு எண்ணப் போறா. அழுத்தின பொண்ணு கையைக் கழுவிட்டு, நம்மால முடிஞ்சதைச் செஞ்சோம்னு வீட்டுக்குப் போவா. அவளுக்கே தெரியாது."

கணவர் கீரைக்கட்டின் நாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் பார்க்கும் தொழிலில், தவறு நடந்தால் ஆள் உள்ளே மாட்டிக்கொண்டு மணி அடிப்பான். 

ஒருவழியாக உறுப்பினர் அட்டை வந்தது, ‘தனிச் சிறப்புடன்’ என்ற முத்திரையோடு. சுய சிந்தனையில் பத்துக்கு ஒன்பதரை. பிரின்சிபல் மேடம் அதை நகலெடுத்து இன்ஸ்பெக்‌ஷன் கோப்பில் ‘தர மேம்பாடு’ என்ற தலைப்பில் வைத்தார். மிஸ் அன்றே பட்டியலுக்கு எழுதினார். ஆறே வரி. இந்த வருடங்களில் இந்தக் கல்லூரியில் படித்தவர்கள் நெஞ்சை இன்னும் ஆழமாக அழுத்த வேண்டும், உடனே மறுபயிற்சி எடுக்க வேண்டும், தவறு என்னுடையது.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. ‘கல்விசார் கருத்துப் பரிமாற்றத்துக்கான இப்பட்டியலில் அறிவிப்பு, எச்சரிக்கை, வாழ்த்து, இரங்கல் ஆகியவை ஏற்கப்படா.’

செயலாளருக்குப் போன் போட்டார்.

"கவலைப்படாதீங்கம்மா, உங்க கட்டுரையை இதழ்லயே போடுறோம். அது எல்லாருக்கும் போகும். உங்க ஆறு வரியை யாரு படிப்பா? இதைப் படிப்பாங்க."

"அளவு மட்டும் விட்டுடாதீங்க சார். எந்த காலேஜ், எந்த வருஷம்ங்கறதும்."

"ஆசிரியர் குழு பார்த்துக்கும்."

ஆசிரியர் குழு பார்த்துக்கொண்டது. கல்லூரியின் பெயர் ‘ஒரு நிறுவனம்’ ஆயிற்று, எழுதியவர் பெயர் ‘ஓர் ஆசிரியை’ ஆயிற்று. இருநூற்றுப் பதினான்கு பேர் ‘சில கற்போர்’ ஆனார்கள். மூன்றரை சென்டிமீட்டர், பொது வாசகருக்குத் தேவையற்ற தொழில்நுட்ப விவரம் என்று போயே போயிற்று. பயணம் மட்டும் இரண்டு இடத்தில் பத்திரமாக இருந்தது. தலைப்பு: ‘கேட்கக் கற்றுக்கொண்ட கைகள்’. பாராட்டுக் கடிதங்கள் வந்தன. ஒருவர், பழுதான பொம்மையைத் திட்டமிட்டே வகுப்பில் வைத்துப் பார்க்கலாமா என்று ஆலோசனை கேட்டிருந்தார். ஆண்டு மாநாட்டில் பன்னிரண்டு நிமிடம் பேச அழைத்தார்கள்.

மிஸ் போனார். எழுதிவைத்திருந்ததை மேடையில் பிரிக்கவே இல்லை. தேர்ச்சி பெற்ற வருடங்களைச் சொன்னார், கல்லூரியின் பெயரைச் சொன்னார், அளவைச் சொன்னார். "இங்க யாராவது என்கிட்ட படிச்சவங்க இருந்தா, தயவுசெஞ்சு எழுந்து வாங்க. இல்ல, உங்க வார்டுல அப்படி யாராவது இருந்தா போய்ச் சொல்லுங்க. இன்னைக்கே சொல்லுங்க."

 அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

"என்ன ஒரு துணிச்சல்" என்றார் தலைமை வகித்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே. "கேள்விகள்?"

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "உங்க சுய சிந்தனையோட ஆழத்தை எந்த அளவுகோல் வெச்சு அளந்தீங்க மேடம்?"

"இரும்பு ஸ்கேல்" என்றார் மிஸ். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவை உணர்வும் இருக்கிறது என்று கருத்துப் படிவத்தில் இரண்டு பேர் எழுதினார்கள்.

வெளி வராந்தாவில் காபிக் கோப்பையோடு நின்றபோது, "மிஸ்!" என்று யாரோ பின்னாலிருந்து கட்டிக்கொண்டார்கள். தகடு மாறிய பிறகு பாஸான முதல் பேட்ச். முதல் பெஞ்ச், முதல் மதிப்பெண். அழுத்திக் காட்ட மிஸ் எப்போதும் அழைத்தது அவளைத்தான்.

"நீ உள்ள இருந்தியாடா? நான் பேசினதைக் கேட்டியா?" மிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல மிஸ், பக்கத்து ஹால்ல மாட்டிக்கிட்டேன். என் போஸ்டருக்கு ஜட்ஜஸ் வந்திருந்தாங்க. நானும் இப்ப டியூட்டர் மிஸ், தெரியாதா? ஒண்ணரை வருஷமாச்சு. வாங்க, உங்களுக்குத்தான் முதல்ல காட்டணும்."

இழுக்காத குறையாகக் கூட்டிப்போனாள். பளபளக்கும் போஸ்டர். மூலையில் நீல ரிப்பன் குத்தியிருந்தது. இரண்டு கம்பங்கள் கொண்ட ஒரு வரைபடம்: முன்பு அறுபத்தொரு சதவீதத் தேர்ச்சி, பின்பு நூறு.

"நான் போய்ச் சேர்ந்தப்போ அந்தக் காலேஜ் பொம்மை ரொம்ப மோசம் மிஸ். எவ்வளவு அமுக்கினாலும் சத்தமே வராது. பிள்ளைங்க அழுதாங்க. நான் கை வெச்சதுமே சொல்லிட்டேன், இது தப்பு, எங்க மிஸ் பொம்மை இப்படி இருக்காதுன்னு. ஆளைக் கூப்பிட்டுத் தகட்டை மாத்தி, கரெக்டா நம்ம பொம்மை மாதிரியே செட் பண்ணினேன். இப்ப ஒரு ஆள் ஃபெயில் கிடையாது."

மிஸ் போஸ்டரின் கடைசி வரியைப் பார்த்தார். ‘என் ஆசிரியைக்கு நன்றி.’

"எத்தனை பிள்ளைங்க?"

"இதுவரைக்கும் நூத்தி இருபது. பக்கத்து ரெண்டு காலேஜ்லயும் வந்து மாத்திக்கொடுக்கச் சொல்லிக் கேட்டாங்க மிஸ். கொடுத்துட்டேன்."

"சங்க இதழ்ல ஒரு கட்டுரை வந்துச்சே. பார்த்தியா?"

"‘கேட்கக் கற்றுக்கொண்ட கைகள்’ தானே? படிச்சு அழுதுட்டேன் மிஸ். கிளாஸ்ல சத்தமா வாசிக்க வெச்சேன். பாவம், அந்த டீச்சர்." சொல்லும்போதே அவள் முகத்தில் ஏதோ நின்றது. மிஸ்ஸுக்கு மேடையில் போட்ட மாலையையும், ‘பேச்சாளர்’ என்ற கழுத்து அட்டையையும் மாறிமாறிப் பார்த்தாள். "மிஸ்?"

மிஸ் சொன்னார். வருடம், தகடு, பாப்பா படம், மூன்றரை. இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. அவள் போஸ்டரிலிருந்து ரிப்பனைப் பிய்த்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கைக்குள்ளேயே கசக்கினாள்.

"போன மாசம் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போற வார்டுல ஒருத்தர், மிஸ்" என்று ஆரம்பித்தாள். "அவரோட தம்பி கதவுகிட்டயே நின்னு பார்த்துட்டிருந்தார். நான் நல்லாதான்…"  

வராந்தாக் கோடியில் ஒரு கம்பெனி ஸ்டால் போட்டிருந்தது. மேஜை மேல் கைகால் இல்லாத பொம்மை, அதன் பக்கத்தில் ஆழத்தை எண்ணாகக் காட்டும் திரை. மிஸ் அவளை அங்கே அழைத்துப்போனார். "நேரம் ஆக்காத. இப்பவே. அஞ்சு வரணும். கையை வை."

அவள் கோட்டின் கைகளைச் சுருட்டிவிட்டு, முழங்கை மடங்காமல், தோள் நேர்கீழே வரும்படி நின்றாள். மிஸ் சொல்லிக்கொடுத்த நிலை, பிசகே இல்லை. முப்பது தடவை அழுத்தினாள். திரையில் 3.5 என்று வந்தது.

"இன்னும் கீழ."

"அழுத்துறேன் மிஸ்." 3.5.

"கீழடா. பயப்படாத."

"பயப்படல மிஸ், கை அங்கயே நின்னுடுது." நெற்றி வேர்வை பொம்மையின் மேல் சொட்டியது. ஒரு தடவை நான்கைத் தொட்டாள். அடுத்த அழுத்தலில் கை தானாக மேலேறி, பழக்கப்பட்ட இடத்தில் வந்து நின்றது. மிஸ் தன் கையை அவள் கைமேல் வைத்துத் தள்ளிப் பார்த்தார். மணிக்கட்டு சுள்ளென்று இழுத்தது. எடுத்துக்கொண்டார்.

கம்பெனிக்காரர், டை கட்டிய இளைஞர், திரையை எட்டிப் பார்த்தார். வியாபாரத்துக்காகச் சொன்னது போலத் தெரியவில்லை.

"ஆழம்தான் பத்தல மேடம். ஆனா பாருங்க, அறுபது அழுத்தல், ஒண்ணு ரெண்டைத் தவிர எல்லாம் ஒரே அளவு. மெஷின் கூட இப்படி அழுத்தாது. காலையில இருந்து எத்தனையோ பேர் வந்தாங்க, இவ்வளவு சீரா ஒரு கையை நான் பார்க்கல." அவளைப் பார்த்துக் கேட்டார். "யாரு மேடம் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது?"

அவள் அழுத்துவதை நிறுத்தவில்லை.